வெடிமருந்தை எடைபோட்ட அறிஞர் லவோசியர்

எமது பாடசாலை மாணவர்கள் இரசாயனவியற் பாடநூலைத் திறந்த சில பக்கங்களுக்குள்ளேயே ஒரு பெயரைச் சந்திக்கின்றனர். ஒட்சிசனுக்குப் பெயரிட்டவர், தகனம் எத்தகையது என்பதை விளக்கியவர், திணிவுக் காப்பு விதியை நிலைநிறுத்தியவர் என்றெல்லாம் அங்கே அந்தோனி லவோசியர் அறிமுகஞ் செய்யப்படுகின்றார். பரீட்சைக்கு அவ்வளவு போதும். ஆயினும், அந்த மாமேதை அரச பணியிலே ஆற்றிய கடமை யாது என்று வினவினால் விடை கூறக்கூடியவர் எம்மிற் சிலரே. ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் அவர் பிரெஞ்சு அரசின் வெடிமருந்து நிர்வாகியாக இருந்தார். அவரது புகழ்பெற்ற ஆய்வுகூடமும் அவரது இல்லமும் பாரிஸ் நகரத்துப் படைக்கலச்சாலையின் மதில்களுக்குள்ளேயே இருந்தன.

வெடிமருந்தின் மணத்தை நன்கறிந்த நாடு எமது நாடு. அது எங்கே போய் முடிகிறது என்பதை எவரும் எமக்குக் கற்பிக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு மருந்துக்கும் இன்னொரு மருந்துக்கும் இடையிலான வேறுபாட்டை எவ்வாறு அறிவது என்னும் கேள்வி ஒரு மனிதரின் ஆயுள் முழுவதையும் ஆட்கொண்டதையும், அந்த வேறுபாட்டை அறியாத ஒரு கூட்டம் அவரது உயிரையே பறிக்க முனைந்ததையும் நாம் அதிகம் சிந்தித்ததில்லை. அந்த வரலாற்றையே இன்று எமது வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

லவோசியர் 1743 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 26 ஆம் திகதி பாரிஸிலே பிறந்தார். தந்தையார் சட்டத்தரணி. ஐந்து வயதிலேயே தாயை இழந்த சிறுவன், வசதிக்குக் குறைவில்லாத குடும்பத்தில் வளர்ந்தான். குடும்ப மரபையொட்டிச் சட்டம் பயின்று பட்டமும் பெற்றான். ஆனால் மனமோ விண்ணியல், தாவரவியல், கனிமவியல், இரசாயனவியல் ஆகியவற்றிலேயே திளைத்தது. பெரு நகரமொன்றின் வீதிகளுக்கு இரவில் எவ்வாறு சிறப்பாக ஒளியூட்டலாம் என்பது குறித்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்காக 1766 இல் மன்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. இருபத்தைந்து வயது நிறையுமுன்னரே, 1768 இல், விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டார்.

அதே ஆண்டிலேதான் அவர் இன்னொரு காரியத்தையும் செய்தார். மன்னருக்காக வரி அறவிடும் தனியார் குத்தகை நிறுவனத்திலே பங்கொன்றை வாங்கினார். உப்பு, புகையிலை, நகருக்குள் வரும் பண்டங்கள் ஆகியவற்றின் மீதான வரிகளை அந்நிறுவனமே அறவிட்டது. பங்காளிகள் செல்வந்தராயினர், ஏழைகள் அவர்களைச் சபித்தனர். லவோசியரின் நுட்பமான தராசுகளும் கண்ணாடிக் கலங்களும் இந்தப் பணத்திலிருந்தே வந்தன என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. 1771 இல் அவர் மணந்த மரீ அன் என்னும் பெண்மணியும் வரிக் குத்தகைப் பங்காளி ஒருவரின் மகளே. மணமகளுக்கு அப்போது வயது பதின்மூன்று. பிற்காலத்தில் அவர் கணவருக்காக ஆங்கிலம் பயின்று இரசாயன நூல்களை மொழிபெயர்த்தார். ஓவியம் பயின்று ஆய்வுக் கருவிகளைத் துல்லியமாக வரைந்தார். பரிசோதனைகள் நிகழும்போது குறிப்பெடுத்தார். அந்த ஆய்வுகூடத்தின் இரண்டாவது அறிஞர் அவரே எனில் மிகையாகாது.

இனி வெடிமருந்துக்கு வருவோம். அக்காலத்து வெடிமருந்து கந்தகம், மரக்கரி, வெடியுப்பு ஆகிய மூன்றன் கலவை. அதில் நான்கில் மூன்று பங்கு வரையில் வெடியுப்பே. ஆகவே வெடியுப்பு எவர் கையிலோ, போரும் அவர் கையிலே என்ற நிலை அன்று நிலவியது. உலகின் மிகச் சிறந்த வெடியுப்பு இந்தியாவின் பீகார் மாநிலத்து மண்ணிலிருந்து கங்கை வழியாக வங்கத்துக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறியது. 1757 இல் பிளாசிப் போரின் பின்னர் அந்த வணிகம் ஆங்கிலேயர் பிடிக்குள் வந்தது. அதே ஆண்டில் வங்கத்திலிருந்த சந்திரநாகூரைப் பிரெஞ்சுக்காரர் இழந்தனர்; 1761 இல் புதுச்சேரியும் வீழ்ந்தது. ஏழாண்டுப் போர் 1763 இல் முடிவுற்றபோது, தோல்வியின் காரணங்களை ஆராய்ந்த பிரெஞ்சு ஆட்சியாளருக்கு ஓர் உண்மை உறைத்தது. தம்முடைய பீரங்கிகளுக்கு வேண்டிய மருந்தையே தம்மால் போதியளவு ஆக்கிக்கொள்ள முடியவில்லை என்பதே அது.

உள்நாட்டில் வெடியுப்புக் கிடைக்காமலில்லை. தொழுவங்களின் மண்ணிலும், நிலவறைகளின் ஈரச் சுவர்களிலும், பழைய கட்டடங்களின் சாந்திலும் அது பூக்கும். அதைச் சேகரிக்கும் தொழிலாளருக்கு மன்னர் வழங்கிய அதிகாரமோ பெரிது. எந்தக் குடியானவனின் வீட்டுக்குள்ளும் புகுந்து நிலத்தைத் தோண்டும் உரிமை அவர்களுக்கிருந்தது. தோண்டாமல் விடுவதற்காக மக்கள் கையூட்டுக் கொடுப்பதும் நடந்தது. வெடிமருந்து உற்பத்தியோ தனியார் குத்தகையில் இருந்தது. குத்தகைக்காரர் இலாபத்தை எண்ணினர். மருந்தின் தரத்தை எண்ணவில்லை.

1775 இல் நிதி அமைச்சராக இருந்த தூர்கோ இந்தக் குத்தகையை ஒழித்தார். அதற்குப் பதிலாக நான்கு நிர்வாகிகளைக் கொண்ட அரச வெடிமருந்து நிர்வாகம் நிறுவப்பட்டது. அந்நால்வருள் ஒருவர் லவோசியர். மறு ஆண்டு அவரும் மனைவியும் படைக்கலச்சாலையின் இல்லத்துக்குக் குடிபுகுந்தனர். அங்கே ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஆய்வுகூடங்களுள் ஒன்று உருவாயிற்று. அதிகாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை விஞ்ஞானம். பகல் முழுதும் வெடிமருந்து, வரி முதலிய அலுவல்கள். இரவு ஏழு முதல் பத்து வரை மீண்டும் விஞ்ஞானம் என்பது அவரது நாளாந்த ஒழுங்கு. வாரத்தில் ஒரு நாள் முழுமையாகப் பரிசோதனைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது.

நிர்வாகியாகிய லவோசியரின் முன்னே எழுந்த முதற் கேள்வி எளிமையானது. இந்த மருந்து அந்த மருந்தைவிடச் சிறந்தது என்று எதைக்கொண்டு சொல்வது? கண்ணுக்கு இரண்டும் கருமணிகளே. கையிலெடுத்தால் இரண்டும் ஒரே தன்மையுடையவை போலவே தோன்றும். பதினான்காம் லூயி மன்னர் காலத்தில், 1686 இல் பிறந்த கட்டளை ஒன்று இதற்கொரு வழி கூறியிருந்தது. குறித்த அளவுள்ள சிறு பீரங்கியிலே மூன்று அவுன்ஸ் மருந்திட்டு, அறுபது இறாத்தல் எடையுள்ள குண்டை எறியச் செய்தல் வேண்டும். குண்டு ஏறத்தாழ நூறு மீற்றர் தூரத்திலேனும் வீழ்ந்தால் மருந்து ஏற்கத்தக்கது; அதற்கும் முன்னே வீழ்ந்தால் தள்ளத்தக்கது. மருந்தளவும் குண்டும் பீரங்கியும் மாறாதிருக்க, மருந்து ஒன்றே மாறுவதால், தூரத்தின் வேறுபாடு மருந்தின் வேறுபாடாகவே இருத்தல் வேண்டும். இரண்டு பொருள்களை ஒப்பிடும் கலையின் முதற் பாடம் இதுவே.

ஆனால் குண்டு குறைந்த தூரத்தில் வீழ்ந்தது ஏன் என்பதை அந்தப் பீரங்கி சொல்லாது. அதைச் சொல்வதற்கு இரசாயனவியல் வேண்டும். வெடியுப்பிலே கறியுப்புக் கலந்திருந்தால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் மருந்து நமத்துப்போகும். கரி எந்த மரத்தினது என்பதும், கலவை எவ்வளவு நேரம் அரைபட்டது என்பதும் எரியும் வேகத்தை மாற்றும். மணியின் பருமனும் அவ்வாறே. பெருமணி மெதுவாக எரிந்து பீரங்கிக்குப் பொருந்தும். சிறுமணி விரைந்தெரிந்து துவக்குக்குப் பொருந்தும். வேட்டைக்கான மருந்து இன்னும் நுண்ணியது. ஆகவே, சிறந்த மருந்து எது என்று பொதுவாகக் கேட்பதே தவறாகும். எந்தக் கருவிக்கு, எந்தத் தேவைக்கு என்று கேட்டாற்றான் விடை கிடைக்கும். லவோசியரின் நிர்வாகம் வெடியுப்பைத் தூய்மைப்படுத்தும் முறைகளைச் சீர்செய்தது. வெடியுப்புப் பண்ணைகளை அமைக்கும் வழிகாட்டி நூலொன்றை 1777 இல் வெளியிட்டது. அவரே கிராமங்களுக்குச் சென்று சுண்ணப் பாறைகளிற் படியும் வெடியுப்பைப் பகுத்தாராய்ந்தார். வீடுகளைத் தோண்டும் கொடுமை படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் பிரான்ஸின் வெடிமருந்து அளவிலும் தரத்திலும் ஐரோப்பாவின் முன்னணிக்கு வந்தது.

இந்த அலுவலக வேலையும் அவரது பெரும் கண்டுபிடிப்பும் வெவ்வேறானவை என்று எண்ணிவிடலாகாது. பொருள்கள் எரியும்போது அவற்றிலிருந்து புளோசித்தன் என்னும் ஏதோவொன்று வெளியேறுகிறது என்பதே அக்காலத்து நம்பிக்கை. கந்தகமும் பொசுபரசும் எரிந்தபின் எடை கூடுகின்றன என்பதைத் தராசிலே கண்ட லவோசியர், 1772 இலேயே அதனை முத்திரையிட்ட குறிப்பாக எழுதிக் கழகத்திடம் ஒப்படைத்திருந்தார். ஏதோவொன்று வெளியேறினால் எடை கூடுவது எங்ஙனம்? காற்றின் ஒரு கூறு எரியும் பொருளுடன் சேர்கிறது என்பதே அவரது முடிவு. அக்கூறே ஒட்சிசன். இனி, மூடிய துவக்குக் குழாய்க்குள்ளே, காற்றே இல்லாத இடத்திலே வெடிமருந்து எவ்வாறு எரிகிறது? வெடியுப்பு ஒட்சிசனைத் தன்னுள்ளே சுமந்துகொண்டிருப்பதாலேயே அது எரிகிறது. மரக்கரிக்கு வேண்டிய காற்றை வெடியுப்பே வழங்குகிறது. பல நூற்றாண்டுகளாகப் போர்க்களத்தில் வெடித்துக்கொண்டிருந்த ஒரு பொருள் ஏன் வெடிக்கிறது என்பது அப்போதுதான் உலகுக்கு விளங்கிற்று.

அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்துக்கு எதிராக 1775 இல் ஆயுதமேந்தியபோது, அவர்களிடம் வெடிமருந்து ஆலைகள் இல்லாத குறை பெரிதாயிருந்தது. போரின் முதலாண்டுகளில் அவர்கள் பயன்படுத்திய மருந்தில் மிகப் பெரும்பகுதி கடல் கடந்து வந்ததே; அதிலும் பெரும்பங்கு பிரான்ஸிலிருந்து சென்றது. அமெரிக்காவின் விடுதலைக்குத் தமது நிர்வாகத்தின் வெடிமருந்து உதவிற்று என்று லவோசியர் பிற்காலத்திற் பெருமையுடன் எழுதினார். அந்தப் போரின் அலை எமது கரையையும் தொட்டது. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன் 1782 ஓகஸ்டில் திருகோணமலைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றியதும், செப்டெம்பர் 3 ஆம் திகதி அத்துறைமுகத்துக்கு வெளியே இரு கடற்படைகளும் பொருதியதும் அதே போரின் நிகழ்வுகளே.

வெடிமருந்தை ஆராய்பவரை அது எப்போதும் மன்னிப்பதில்லை. இரசாயனவியலாளர் பெர்தொலே அந்நாட்களிற் புதிய உப்பொன்றைக் கண்டறிந்திருந்தார். வெடியுப்புக்குப் பதிலாக அதனைச் சேர்த்தால் மருந்தின் வலிமை மிகும் எனக் கருதப்பட்டது. 1788 ஒக்டோபர் 27 ஆம் திகதி பாரிஸுக்கு அண்மையிலுள்ள எஸ்ஸோன் ஆலையிலே அதன் பரீட்சார்த்த உற்பத்தி நடைபெற்றது. லவோசியரும் மனைவியாரும் பெர்தொலேயும் சமுகமளித்திருந்தனர். அவர்கள் சற்று விலகிச் சென்றிருந்த வேளையில் கலவை வெடித்தது. ஆலையின் அதிகாரி ஒருவரும் இளம்பெண் ஒருவரும் உயிரிழந்தனர். சில நிமிடங்கள் முன்பின்னாயிருந்தால் நவீன இரசாயனவியலின் முதற் பாடநூல் எழுதப்படாமலே போயிருக்கும். வலிமை மிக்க மருந்து எப்போதும் சிறந்த மருந்தாகாது என்பதை அந்த விபத்து இரத்தத்தால் எழுதிக் காட்டியது. மறு ஆண்டு, 1789 இல், முப்பத்துமூன்று மூலகங்களின் அட்டவணையோடும் மனைவியார் வரைந்த படங்களோடும் அவரது இரசாயன நூல் வெளிவந்தது.

அந்த 1789 ஆம் ஆண்டே பிரெஞ்சுப் புரட்சியின் ஆண்டுமாகும். ஜூலை 12 ஆம் திகதி இரவு தொடங்கி, படைக்கலச்சாலையிலிருந்த சுமார் 250 பீப்பாய் வெடிமருந்து அயலிலுள்ள பஸ்தீல் கோட்டைக்கு மாற்றப்பட்டது. துவக்குகளைக் கைப்பற்றியிருந்த மக்களுக்கு மருந்து தேவைப்பட்டது. ஜூலை 14 இல் அவர்கள் பஸ்தீலை முற்றுகையிட்டமைக்குச் சிறைக்கைதிகளை விடுவிக்கும் நோக்கத்தைவிட இந்த மருந்தே பெருங் காரணம். வரலாற்றைப் புரட்டிய அந்நாளின் மையத்திலும் லவோசியரின் பீப்பாய்களே இருந்தன.

மூன்று வாரங்கள் கழிந்தன. ஓகஸ்ட் மாத முற்பகுதியில், படைக்கலச்சாலைக்கு அருகிலுள்ள சேன் நதித் துறையிலே படகொன்றில் வெடிமருந்து ஏற்றப்படுவதை மக்கள் கண்டனர். அதன் அளவு சுமார் 10,000 இறாத்தல். நகரைப் பாதுகாக்க மருந்து இல்லாத வேளையிலே மருந்து வெளியே போகிறது. பகைவருக்கே போகிறது என்ற வதந்தி சில மணித்தியாலங்களில் நகரெங்கும் பரவியது. லவோசியரும் சக நிர்வாகியும் நகர மண்டபத்துக்கு இட்டுச் செல்லப்பட்டனர். வெளியே கூட்டம் அவர்களின் உயிரைக் கேட்டுக் கூக்குரலிட்டது.

உண்மை யாது? படகில் ஏற்றப்பட்டது தரங்குறைந்த வணிக மருந்து. படைத் துவக்குகளுக்கு அது உதவாது. அதை வெளியேற்றி, அந்த இடத்தில் எஸ்ஸோனிலிருந்து வரும் நல்ல துவக்கு மருந்தை வைப்பதே நிர்வாகத்தின் நோக்கம். அதாவது, நகரைப் பலவீனப்படுத்துவதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட செயல் நகரைப் பலப்படுத்தும் செயலாகவே இருந்தது. லவோசியர் அமைதியாக இதனை விளக்கினார். மண்டபத்திலிருந்த பிரதிநிதிகள் ஏற்றுக்கொண்டனர். வெளியே நின்ற கூட்டமோ ஏற்கவில்லை. அனுமதிப் பத்திரத்திற் கையொப்பமிட்ட அதிகாரியைத் தேடி அலைந்தது. அன்று லவோசியர் தப்பினார். இருவகை மருந்துக்கும் இடையிலான வேறுபாடு என்னும், ஆய்வுகூடத்திலே ஒரு பீரங்கிச் சோதனையால் அரை மணித்தியாலத்தில் நிரூபிக்கத்தக்க விடயம், வீதியிலே உயிர்ப் பிரச்சினையாயிற்று. வீதியிலே சோதனைப் பீரங்கி இல்லை, ஊகமே இருந்தது.

இவ்விடத்திலே நாம் இன்னுமொன்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. அந்தத் தரங்குறைந்த மருந்து எவருக்காக ஆக்கப்பட்டது? ஆபிரிக்கக் கரையோர வணிகத்துக்காகவே. அந்த வணிகத்தின் பெரும் பண்டம் மனிதர். அடிமைகளை வாங்குவதற்காகக் கொடுக்கப்பட்ட பொருள்களுள் வெடிமருந்தும் ஒன்று. மருந்தின் தூய்மையைத் துல்லியமாக அளந்த தராசு, அம்மருந்து சென்றடையும் இடத்தை அளக்கவில்லை. அது லவோசியர் ஒருவரின் குறையன்று. அவர் வாழ்ந்த காலத்தின் குறை. ஆனாலும் குறை குறையே.

வதந்திக்கு ஆயுள் நீளம். 1791 ஜனவரியில் பத்திரிகையாளர் மரா தமது ஏட்டிலே லவோசியரைக் கடுமையாகத் தாக்கினார். பாரிஸைச் சுற்றி வரிக் குத்தகையாளர் எழுப்பிய மதிலும், பஸ்தீலுக்கு வெடிமருந்து மாற்றப்பட்ட செய்தியும் குற்றப்பட்டியலில் இடம்பெற்றன. விஞ்ஞானியாக அங்கீகாரம் நாடிய மரா, நெருப்பைப் பற்றி எழுதிய நூலை முன்னர் கழகம் ஏற்க மறுத்திருந்தது என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். 1792 ஓகஸ்டில் லவோசியர் படைக்கலச்சாலை இல்லத்தைவிட்டு நீங்கினார். புதிய நிறை அளவைகளை வகுக்கும் குழுவில் நீரின் எடையைத் துல்லியமாகக் கணிக்கும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார். உலகம் இன்று பயன்படுத்தும் கிலோகிராமின் பிறப்பில் அவருக்கும் பங்குண்டு. 1793 ஓகஸ்டில் விஞ்ஞானக் கழகமே கலைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் வரிக் குத்தகையாளரைக் கைதுசெய்யும் ஆணை பிறந்தது. லவோசியர் தாமாகவே சரணடைந்தார்.

1794 மே 8 ஆம் திகதி புரட்சி நீதிமன்றம் அவ்வழக்கை ஒரே நாளில் விசாரித்துத் தீர்த்தது. புகையிலையில் நீர் கலந்து எடையைக் கூட்டினர், நாட்டுக்கெதிராகச் சதி செய்தனர் என்பன குற்றச்சாட்டுகள். எடையிலே ஏமாற்றினார் என்று எடைக்கே வாழ்வை ஒப்புக்கொடுத்தவர் மீது குற்றம்! அன்று மாலையே இருபத்தெட்டுப் பேர் கில்லட்டினில் தலை துண்டிக்கப்பட்டு மாண்டனர். மாமனாருக்கு அடுத்ததாக லவோசியர் கொல்லப்பட்டார். வயது ஐம்பது. குடியரசுக்கு அறிஞர்கள் தேவையில்லை என்று நீதிபதி அன்று கூறியதாக ஒரு கதை பரவலாக வழங்குகிறது. அக்காலத்துப் பதிவுகளில் அதற்கு ஆதாரமில்லை. அவருக்குச் சார்பானது என்பதற்காக அந்தக் கதையை நாம் நம்பிவிடலாகாது. அவரைக் கொன்றது வதந்தி. அவரது புகழையும் வதந்தியின் மேற் கட்டுதல் தகாது.

உண்மையில் குடியரசுக்கு அறிஞர்கள் மிகத் தேவையாக இருந்தனர். ஐரோப்பா முழுவதையும் எதிர்த்துப் போரிட்ட பிரான்ஸில் வெடிமருந்துக்குப் பெரும் பஞ்சம். லவோசியர் சிறையிலிருந்த மாதங்களிலே, அவரது நண்பர்களும் உடனுழைத்தவர்களுமான பெர்தொலே, ஃபூர்குருவா, மோன்ஜ் முதலியோர் நாடெங்குமிருந்து அழைக்கப்பட்ட குடிமக்களுக்கு வெடியுப்பும் மருந்தும் ஆக்கும் முறைகளைப் போதித்துக்கொண்டிருந்தனர். ஒவ்வொருவரும் தத்தம் நிலவறை மண்ணைக் கழுவி வெடியுப்பெடுக்குமாறு பணிக்கப்பட்டனர். எந்தச் சுமையை வீடுகளிலிருந்து நீக்க லவோசியர் பாடுபட்டாரோ, அது தேசக் கடமையாகத் திரும்பி வந்தது. அவர் மடிந்து நான்கு மாதங்கள் ஆகுமுன், ஓகஸ்ட் 31 ஆம் திகதி, அவசர அவசரமாக நிறுவப்பட்டிருந்த கிரெனெல் வெடிமருந்து ஆலை பாரிஸின் விளிம்பிலே வெடித்துச் சிதறியது. மாண்டவர் நூற்றுக்கணக்கானோர்.

1795 இல் அவரது உடைமைகள் மனைவியாரிடம் மீளளிக்கப்பட்டன. தண்டனை தவறானதென்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டது. மனைவியார் கணவரின் ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டார். 1805 இல் ரம்போர்ட் பிரபுவை மறுமணஞ் செய்தார். அந்த ரம்போர்ட்டும் துவக்கு மருந்தின் வலிமையை அளந்து 1781 இல் இலண்டன் அறிஞர் கழகத்தில் ஆய்வுரை வெளியிட்டவர் என்பது வியப்பான ஒற்றுமை. மணவாழ்வு நீடிக்கவில்லை, நான்கு ஆண்டுகளிற் பிரிந்தனர். லவோசியரின் பெயரை விட்டுவிட அந்த அம்மையார் ஒருபோதும் இணங்கவில்லை.

அவர் விட்டுச்சென்ற இன்னொரு வாரிசும் உண்டு. 1780 களின் இறுதியில், எலூத்தேர் இரேனே டூபோன் என்னும் இளைஞர் லவோசியரின் கீழ் வெடிமருந்துத் தொழிலைப் பயின்றார். புரட்சியின் கொந்தளிப்பிலிருந்து தப்பி அவரது குடும்பம் 1800 இன் தொடக்கத்தில் அமெரிக்கா சேர்ந்தது. அங்கே விற்பனையிலிருந்த மருந்தின் இழிந்த தரத்தைக் கண்ட டூபோன், 1802 இல் டெலவேர் மாநிலத்துப் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் ஆலையொன்றை நிறுவினார். அதற்கு லவோசியரின் பெயரையே சூட்ட அவர் எண்ணியிருந்தார். அந்த ஆலையே பின்னர் உலகின் மாபெரும் இரசாயனக் கம்பனிகளுள் ஒன்றாயிற்று. 1884 இல் பிரெஞ்சு அரச வெடிமருந்துச் சேவையைச் சேர்ந்த போல் வியேல் புகையற்ற மருந்தைக் கண்டறிந்த பின்னர், கருமருந்தின் காலம் மெல்ல மறைந்தது. டூபோன் கம்பனியும் துவக்குகளுக்கான புகையற்ற மருந்து வகைகளை எண்களிட்டு வெளியிட்டது. அவற்றின் வழிவந்தவற்றை, தம் தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்ளும் அமெரிக்க வேட்டைக்காரரும் இலக்குச் சுடுநரும் இன்றும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கின்றனர்.

அவர்கள் ஒப்பிடும் முறையும் லவோசியர் காலத்து முறையின் நீட்சியே. குண்டு வீழ்ந்த தூரத்துக்குப் பதிலாகக் குண்டின் வேகத்தை இலத்திரனியற் கருவி அளக்கிறது. குழாய்க்குள் எழும் அமுக்கத்தை உணரிகள் பதிவுசெய்கின்றன. எரியும் வேகம், வெயிலிலும் குளிரிலும் அது மாறும் அளவு என்பன பட்டியலிடப்படுகின்றன. மருந்தின் அளவு இறாத்தலின் ஏழாயிரத்தில் ஒரு பங்காகிய கிறெயின் அளவையால் நிறுக்கப்படுகிறது. அத்துறையினர் புதியவர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை ஒன்றுண்டு. 4831 என்னும் ஒரே எண்ணைத் தாங்கிய இருவேறு மருந்துகள் சந்தையில் உள்ளன. ஒன்று மற்றையதிலும் விரைவாக எரிவது. எண் ஒன்றென்று நம்பி ஒன்றுக்குரிய அளவை மற்றையதற்கு இட்டால் துவக்கே வெடித்துக் கையையும் கண்ணையும் பறிக்கலாம். பெயர் ஒன்றாயினும் பொருள் வேறாகலாம் என்பதே இதன் பாடம். இரசாயனப் பொருள்களின் பெயர் அவற்றின் இயல்பைக் கூறவேண்டும் என்று 1787 இல் புதிய பெயரிடு முறையை வகுத்தவருள் முதன்மையானவர் லவோசியர் என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருத்தமானது.

இவ்வாழ்விலிருந்து நாம் பெறுவது யாது? லவோசியர் குறையற்றவர் அல்லர். வரிக் குத்தகையின் செல்வத்தை அனுபவித்தார். அக்குத்தகையின் கொடுமையை எதிர்த்த மக்களின் கோபம் ஆதாரமற்றதுமன்று. முறையான விசாரணை ஒன்று நிகழ்ந்திருந்தால், ஒரு தட்டில் அவரது வருமானமும் மறு தட்டில் அவரது தொண்டும் வைக்கப்பட்டிருக்கும். தராசு எப்பக்கம் சாய்ந்திருக்குமோ நாம் அறியோம். ஆனால் தராசே கொண்டுவரப்படவில்லை என்பதுதான் அவலம். படகிலிருந்த பீப்பாயைத் திறந்துபார்க்காத கூட்டமும், ஒரே நாளில் இருபத்தெட்டு உயிர்களுக்குத் தீர்ப்பளித்த நீதிமன்றமும் செய்த தவறு ஒன்றே. வெளித்தோற்றத்தில் ஒத்திருப்பவை உள்ளும் ஒத்திருக்குமென்று அவை முடிவுகட்டின.

வதந்தி ஒரு நாட்டின் நிலவறையிற் குவியும் வெடிமருந்து போன்றது. அதற்கும் ஒரு பொறி போதும். அந்தப் பொறி விழுமுன்னர் பீப்பாயைத் திறந்து, உள்ளிருப்பது யாதென்று நிறுத்துப்பார்க்கும் பொறுமை எமக்கு வேண்டும். பாரிஸ் நகரம் அந்தப் பொறுமையை ஒரு நாள் இழந்தது. அதனால் இழந்த மனிதரை மீளப்பெற அதற்கு இன்றுவரை இயலவில்லை.